லாடக்காரர் மகனுடன் ஒரு நாள்

சித்தூரைப் பற்றி எழுதுவோர் மாம்பழத்தை எழுதுவர். திருப்பதியைப் பற்றி எழுதுவோர் மலையையும் மலையப்பனையும் எழுதுவர். நம் சங்கப் பத்திரிகையிலும் அன்பர்கள் பலர் இவற்றை எழுதிவிட்டனர். நான் இங்கே எழுதப் புகுவது, இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட சுமார் 70 கிலோமீட்டர் சாலையில் இருசக்கர வண்டி ஒன்றில் சென்று, வீடுவீடாக நாய்களுக்கும் பூனைகளுக்கும் நகம் வெட்டிவிடும் ஒருவரைப் பற்றி. இதுவும் எழுதத்தக்க பொருளா என்று சிலர் நகைக்கலாம். நானும் ஒரு காலத்தில் நகைத்தவனே. ஒரு வாயில்லா ஜீவனின் இரத்தம் என் கையால் சிந்திய பிறகுதான் அந்த நகைப்பு அடங்கிற்று.

ரயில்வேயில் இடமாற்ற உத்தரவு பெற்று நான் சித்தூருக்குக் குடிவந்தபோது, மணி என்னும் நாயும் எங்களுடன் வந்தது. அது திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில் என் தாயார் வளர்த்த நாய். அவர் காலமான பின் அதைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை. கார்டு பெட்டியில் நாய்க்கென்று உள்ள அறையில் ஏற்றிக் காட்பாடி வழியாகக் கொண்டுவந்து சேர்த்தோம்.

கிராமத்தில் மணிக்கு நகம் வெட்ட வேண்டும் என்று எவரும் நினைத்ததில்லை. மண்ணிலும் சரளையிலும் நாள் முழுதும் ஓடித் திரிந்ததால் நகம் தானே தேய்ந்தது. இங்கோ இரண்டாவது மாடி. வழவழப்பான டைல்ஸ் தரை. சில மாதங்களில் அது நடக்கும்போதெல்லாம் டக்டக் என்று ஓசை கேட்கத் தொடங்கிற்று. பின்னர்த் தரையில் கால் வழுக்கலாயிற்று. நகம் நீண்டு தரையில் முட்டினால் விரல்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டு, நாளடைவில் நடையே கோணிவிடும் என்பதை நான் அப்போது அறியேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பயன்படுத்தும் நகவெட்டியையே எடுத்து மணியின் நகம் ஒன்றை அழுத்தி வெட்டிவிட்டேன். மணி வீறிட்டது. தரையெல்லாம் இரத்தம். என் மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மணியோ அன்று முதல் நான் அருகில் சென்றாலே முன்கால்களை வயிற்றின் கீழ் மடக்கி மறைத்துக்கொண்டது. தாயார் கையால் சோறு உண்ட பிராணி என்னைக் கண்டு அஞ்சுகிறதே என்ற எண்ணம் என்னை உறங்கவிடவில்லை.

எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவருபவர்தான் அம்மனிதரைப் பற்றிச் சொன்னார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசுவார். அவருடைய தந்தையார் சித்தூர்ச் சுற்றுப்புறங்களில் வண்டிக் காளைகளுக்கு லாடம் கட்டியவர். லாடம் என்னும் சொல் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொது; அத்தொழிலும் அப்படியே. மாட்டுக்குக் குளம்பு பிளவுபட்டது. ஆதலால் காலுக்கு இரண்டாக நான்கு கால்களுக்கும் எட்டுத் தகடுகள் வேண்டும். குதிரையைப் போல் மாடு மூன்று கால்களில் நின்று ஒரு காலைத் தூக்கிக் கொடுக்காது. ஆகவே கயிற்றைச் சுற்றி இழுத்து அதனைப் பக்குவமாகச் சாய்த்து, கால்களைச் சேர்த்துக் கட்டி, வளர்ந்த குளம்பை முதலில் செதுக்கிச் சமன்செய்த பிறகே தகடு வைத்து ஆணி அடிப்பர். ஆணி குளம்பின் வெளிச்சுவரில் மட்டுமே ஏற வேண்டும். சற்று உள்ளே சென்றாலும் உயிருள்ள தசையில் தைத்து மாடு நொண்டிவிடும்.

டிராக்டரும் லாரியும் வந்தபின் காளை வண்டிகள் அருகின, லாடமும் அருகிற்று. மகன் வேலூரில் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஓரிடத்தில் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்து, அங்கே நகம் வெட்டக் கற்று, பின்பு சொந்த ஊருக்குத் திரும்பி இத்தொழிலைத் தொடங்கியிருக்கிறார்.

“நாளை திருப்பதி வரை போகிறேன். விருப்பமிருந்தால் உடன் வாருங்கள் ஐயா. நீங்கள் பார்த்துவிட்டால் மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தானே விளங்கும்” என்றார். மறுநாள் எனக்கு வார ஓய்வு. அவருக்குப் பின்னால் வண்டியில் அமர்ந்தேன்.

காலை ஏழு மணிக்குக் கட்டமஞ்சியில் முதல் வீடு. சர் சி. ஆர். ரெட்டி என்று பெயர் பெற்ற கல்வியாளர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டியின் பெயரோடு ஒட்டிய இடம் இது. அங்கே வயது முதிர்ந்த கறுப்பு லாப்ரடார் ஒன்று. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதே அவர் கேட்ட முதற்கேள்வி. அவரும் தற்காப்பாக அவ்வூசியைப் போட்டுக்கொண்டவரே. பின்னர்த் தரையில் அமர்ந்தார். பத்து நிமிடம் வரையில் கருவியைத் தொடவேயில்லை. பாதத்தைக் கையில் வாங்குவதும் விடுவதுமாக இருந்தார். நகவெட்டியை நாயின் மூக்கருகே வைத்து முகரவிட்டார். அதன் பின்னரே வெட்டத் தொடங்கினார்.

“நகத்துக்குள்ளே குருத்துப் போல இரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன, ஐயா. வெள்ளை நகமாக இருந்தால் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் ஒன்றும் தெரியாது. ஆதலால் சீவல் சீவலாகத்தான் எடுக்க வேண்டும். வெட்டிய முகத்தைப் பாருங்கள், நடுவில் ஈரமாக ஒரு கரும்புள்ளி தோன்றுகிறதே, அங்கே நிறுத்திவிட வேண்டும்” என்றார். நான் எங்கே தவறினேன் என்பது அப்போது விளங்கிற்று. நெடுநாள் வெட்டாத நகத்தில் குருத்தும் கூடவே நீண்டிருக்கும். ஒரே நாளில் குறைக்க முயன்றால் இரத்தம் நிச்சயம். இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை சிறிது சிறிதாக வெட்டிவந்தால் குருத்தும் மெல்லப் பின்வாங்கும். தவறி இரத்தம் வந்தால் அழுத்திப் பிடிக்கப் படிகாரப் பொடியும் சுத்தமான துணியும் அவர் பையில் எப்போதும் உண்டு. ஒரு வீட்டில் பயன்படுத்திய கருவியைக் கிருமிநாசினியில் கழுவாமல் அடுத்த வீட்டிற்கு எடுத்துச் செல்வதில்லை.

இரண்டாவது வீட்டில் ஒரு பூனை. பூனை நகத்தை உறைக்குள் வாள் போல் இழுத்துக்கொள்ளும். விரலை மெல்ல அழுத்தினால் வெளிவரும். கூர்நுனியை மட்டும் நீக்கினால் போதும். மூன்றாவது வீட்டிலும் வேலை முடித்து, சித்தூரைவிட்டுப் புறப்பட்டோம்.

சாலையின் இருமருங்கிலும் மாந்தோப்புகள். இவ்வட்டாரத்துத் தோத்தாபுரி மாம்பழம் பெரும்பாலும் கூழாகிக் கடல் கடந்து செல்கிறது. காணிப்பாக்கத்து வரசித்தி விநாயகர் கோயிலுக்குப் பிரியும் சாலையருகே ஒரு தோப்பு வீட்டில் வண்டியை நிறுத்தினார். அங்கே காத்திருந்தது நாயன்று, புங்கனூர்ப் பசு. புங்கனூரின் பெயரைத் தாங்கிய இவ்வினம் மூன்றடி உயரத்தைத் தாண்டுவது அரிது. ஒரு காலத்தில் அருகிப்போன இதனைப் பலமனேர்க் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் பேணி வருகின்றனர். இப்போது செல்வர்கள் வீட்டுச் செல்லமாகவும் வளர்க்கின்றனர். சிமெண்டுத் தரையில் கட்டியே வைத்திருந்ததால் அப்பசுவின் முன்குளம்புகள் செருப்பு முனைபோல் மேல்நோக்கி வளைந்திருந்தன. மாட்டுக் குளம்பு மாதந்தோறும் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் வளர்வது. நடந்து தேயாவிட்டால் வேறு கதி என்ன?

இங்கே அவர் பையின் அடியிலிருந்து மரப்பிடி தேய்ந்த ஒரு கத்தியை எடுத்தார். அது தந்தையாருடையது. காலைக் கயிற்றால் தூக்கிக் கட்டி அவர் செதுக்கச் செதுக்க, கொம்பின் நிறத்தில் சுருள் சுருளாக விழுந்தது. அப்போது ஒரு பழைய செய்தியைச் சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது, தந்தையார் அடித்த ஆணி ஒரு காளைக்கு உள்ளே தைத்துவிட்டதாம். உழவு நாள். மாட்டுக்காரர் கண்ணீர்விட்டார். தந்தையார் ஆணியைப் பிடுங்கி, புண்ணைக் கழுவி, கூலியைத் திருப்பிக் கொடுத்ததோடு, காளை தேறும் வரை நாள்தோறும் நடந்து சென்று பார்த்து வந்தாராம். “ஆணி அடிக்கத் தெரிந்தவன் பாதித் தொழிலாளி, பிடுங்கத் தெரிந்தவன்தான் முழுத் தொழிலாளி என்பார் ஐயா” என்று சொல்லிக் கத்தியைத் துடைத்து வைத்தார்.

பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதி சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. விசயநகர வேந்தர்கள் பிற்காலத்தில் தங்கி ஆண்ட சந்திரகிரிக் கோட்டையை வண்டியிலிருந்தே கண்டேன். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஊர் நாளுக்கு நாள் பெருகி, அடுக்குமாடி வீடுகள் மலையடிவாரம் வரை சென்றுவிட்டன. கால்நடை மருத்துவத்திற்கு இது பழைய இடம். கால்நடை மருத்துவக் கல்லூரி 1955இலேயே இங்கே தொடங்கிற்று. ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகம் 2005இல் அமைந்தது. 2022 மே மாதத்தில் ஆந்திர அரசு நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளையும் தொடங்கிற்று. நோய்க்கு மருத்துவர் உண்டு. நோயாக முற்றுமுன் நகத்தைப் பார்ப்பவர் இவர் போன்ற ஒருவரே.

அன்று திருப்பதியில் ஐந்து வீடுகள் ஏற்பாடாகியிருந்தன. இரண்டு முடிந்தன. மூன்றாவது வீட்டில் நீண்ட மயிருள்ள சிறிய வெள்ளை நாய். பாதத்து மயிரை ஒதுக்கிய மாத்திரத்தில் அவர் முகம் மாறிற்று. நாய்க்கு முன்காலின் உட்புறம் மேலே ஒரு விரல் உண்டு. அது தரையைத் தொடாததால் அதன் நகம் எந்நாளும் தேயாது. இந்நாய்க்கு அது வட்டமாக வளைந்து தசைக்குள்ளேயே இறங்கி, சீழ் கட்டியிருந்தது.

“அம்மா, இது மருத்துவர் பார்க்க வேண்டியது. நான் தொடக்கூடாது” என்றார்.

வீட்டு அம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. “ஒரு நகந்தானே? வெட்டி எடுத்துவிடு. 500 ரூபாய் தருகிறேன். ஆஸ்பத்திரிக்கு அலைய எனக்கு நேரமில்லை” என்றார்.

“மரத்துப்போக ஊசி போட்டு எடுத்து, புண்ணுக்கு மருந்தும் கொடுக்க வேண்டும் அம்மா. அந்த அதிகாரம் எனக்கில்லை.”

“பிறகு எதற்காக இவ்வளவு தூரம் வந்தாய்?”

அவர் மறுமொழி சொல்லவில்லை. புண்ணின் மேல் சுத்தமான துணியைச் சுற்றினார். தெருமுனைக்குச் சென்று ஆட்டோ ஒன்றை அழைத்துவந்தார். அம்மாளையும் நாயையும் அதில் ஏற்றி, எங்கே போக வேண்டும் என்று ஓட்டுநரிடம் தெலுங்கில் விளக்கிச் சொன்னார். கூலி கேட்கவில்லை, அம்மாளும் கொடுக்கவில்லை. இதனால் நேரம் கடந்து, அடுத்த வீட்டுக்குச் சென்றபோது கதவு பூட்டியிருந்தது. ஐந்தாவது வீட்டை முடித்துக்கொண்டு திரும்பினோம்.

கணக்கு எழுதிப் பழகிய கை சும்மா இராது. வழியில் தேநீர்க் கடையில் அன்றைய வரவைக் கூட்டினேன். சித்தூரில் மூன்று வீடுகள், வீட்டுக்கு 200 வீதம் 600 ரூபாய். பசுவுக்கு 400. திருப்பதியில் மூன்று வீடுகள், 600. ஆக 1,600. பெட்ரோல் 400, சாப்பாடு 100 போக மிச்சம் 1,100. அந்த 500 ரூபாயை வாங்கியிருந்தால்? நான் அதைக் கேட்டே விட்டேன்.

“வாங்கியிருக்கலாம் ஐயா. இரவு அந்த நாய்க்குக் காய்ச்சல் கண்டிருந்தால் அப்பா என் கனவில் வந்திருப்பார்” என்று சிரித்தார்.

அன்பர்களே, சொந்த மண்ணைவிட்டு வந்து மாடிகளில் குடியிருக்கும் நம் வீடுகளில் நாயும் பூனையும் வளர்ப்போர் பலர். அவற்றுக்கும் நம்மைப் போலவே தரை மாறிவிட்டது. நடக்கும்போது தரையில் நகம் ஒலிக்கிறதா என்று கேளுங்கள். முன்காலின் உட்புறத்து நகத்தை மாதம் ஒருமுறையேனும் மயிரை விலக்கிப் பாருங்கள். உங்களுக்கு நிச்சயமில்லாத இடத்தில் கத்தியை வையாதீர்கள். வீடு தேடி வரும் தொழிலாளி ஒருவர் “இது என் வேலையன்று” என்று சொன்னால், அவரைக் கோபிக்காமல் அன்றைய கூலியில் பாதியாவது கொடுத்தனுப்புங்கள். அவர் வெட்டாமல் விட்டதும் நமக்குச் செய்த உபகாரமே.

மணிக்கு அவர் உடனே நகம் வெட்டவில்லை. “முதலில் உங்கள் மேல் உள்ள பயம் போகட்டும்” என்று கூறி, தினமும் இரவில் கருவி ஏதுமின்றிப் பக்கத்தில் உட்காரும்படி மட்டும் எனக்குச் சொன்னார். முதல் வாரம் மணி எழுந்து போய்விட்டது. இரண்டாம் வாரம் போகவில்லை. ஆனால் கால்களை மடக்கியே வைத்திருந்தது. மூன்றாம் வாரம் முதல் அவர் வந்து சிறிது சிறிதாக வெட்டத் தொடங்கினார். இப்போது மாதம் மூன்றாகிறது. சென்ற சனிக்கிழமை இரவு நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தபோது, மணி வந்து என் முழங்காலின் மேல் முன்காலைத் தூக்கி வைத்தது. நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். என் மகள் விளக்கை அணைக்க வந்தவள், அணைக்காமல் திரும்பிப் போனாள்.