32 நிமிஷம் குறையுது மாமா!

எங்கள் கன்னியாகுமரி ஜில்லாவில் கடல் உண்டு, மலை உண்டு, வயல் உண்டு, மட்டிப்பழம் உண்டு. விமான நிலையம் மட்டும் கிடையாது. விமானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கலாம். ஏற வேண்டுமென்றால் திருவனந்தபுரத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் 20 வருஷமாக லெட்ஜர் தேய்க்கும் என்னிடம் வந்து, "மாமா, பைலட் லாக்புக்குக்கு எந்த சாப்ட்வேர் நல்லது?" என்று ஒருவன் கேட்டால் எப்படி இருக்கும்?

கேட்டவன் என் அக்கா மகன். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டப் படித்துவிட்டு 2024 ஆடி மாதம் ஊருக்கு வந்திருந்தான். அவனைப் பறக்க வைப்பதற்காக அத்தான் தேரூர் வயலில் பாதியை விற்றிருந்தார். "மண்ணை வித்து ஆகாசம் வாங்குகாரு" என்று டீக்கடையில் சொன்னார்கள்.

"எனக்கு என்னலே தெரியும் சாப்ட்வேர்?" என்றேன்.

"கணக்கு தெரியும்லா மாமா. இதும் கணக்குதான்."

புகழ்ச்சிக்கு மயங்காத கிளார்க் உண்டா? உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி ரசவடையைக் கொண்டுவந்து வைத்தாள்.

லாக்புக் என்பது பைலட்டின் ஜாதகம். எந்தத் தேதி, எந்த விமானம், எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு நின்றது, எல்லாம் அதில் ஏற வேண்டும். நம் நாட்டில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி தானே பொறுப்பேற்று ஓட்டியது. அதற்குள் 20 மணி ஊர் விட்டு ஊர். ராத்திரிக்கு 5 மணி. 2021-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொண்டுவந்த 'இ-ஜி.சி.ஏ.' இணையதளத்திலும் இந்தக் கணக்கைப் பதிய வேண்டும். சொந்தக் கணக்குக்குத்தான் தனி சாப்ட்வேர்.

மூன்று பேர் வரன் லிஸ்டில் இருந்தார்கள். 'லாக்டென்' பார்க்க லட்சணம். ஆனால் ஆப்பிள் வீட்டில்தான் சம்பந்தம் பண்ணும். மருமகன் கையில் இருந்தது ஆண்ட்ராய்டு. 'க்ரூலவுஞ்ச் பைலட்லாக்' எல்லா வீட்டுக்கும் வரும். மூன்றாவது நம்ம ஊர் முறைப்பெண் மாதிரி எக்ஸெல்: செலவில்லை, ஆனால் எல்லா வேலையும் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆடிட்டர் தோரணையில் நான் நாலு கேள்வி போட்டேன். ஒன்று, நேரத்தை மணி-நிமிஷமாக எழுதுமா, தசமமாக எழுதுமா? இரண்டு, கிரீன்விச் நேரத்தையும் நம் நேரத்தையும் குழப்பாமல் வைக்குமா? ஐந்தரை மணி வித்தியாசம் லேசுப்பட்டதல்ல. அதிகாலை 5 மணிக்குக் கிளம்பினால் கிரீன்விச் கணக்கில் அது முந்தின நாள் ராத்திரி 11.30! மூன்று, நம் அதிகாரிகள் கேட்கிற படிவத்தில் அச்சாகுமா? நாலு, நாளைக்கு சந்தா கட்டாமல் விட்டால் நம் கணக்கை நாமே மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு வர முடியுமா? வாடகை வீட்டை விட்டு வரும்போது பாத்திரம் பண்டம் நம்முடையதாக இருக்க வேண்டாமா!

"சும்மா பேசப்பிடாது. ஓசி நாளிலேயே பழைய பறத்தலை எல்லாம் ஏத்திப் பாரு" என்றேன். கிளம்பின நேரம், நின்ற நேரம் இரண்டையும் நான் வாசிக்க, அவன் தட்டினான். கழித்துச் சொல்வது சாப்ட்வேரின் வேலை. ராத்திரி பத்து மணிக்கு அவன் முகம் மாறியது.

"மாமா, இது 1 மணி 18 நிமிஷம்னு காட்டுகு. புக்ல நான் 1.30-ன்னு எழுதியிருக்கேன்."

"சாப்ட்வேர் சரியில்லடே. வேற பாப்போம்" என்றேன், பெண்ணைக் குறை சொல்லும் தரகர் மாதிரி.

அடுத்த வரியும் அப்படியே. அதற்கடுத்ததும். மொத்தம் ஆறு பறத்தல். எனக்குப் பொறி தட்டியது. "அந்த ஆறு நாளும் நேரத்தைக் கழிச்சு எழுதினியா, பார்த்து எழுதினியா?"

"மீட்டரைப் பார்த்து எழுதினேன். 1.3-ன்னு இருந்து."

அங்கேதான் வழுக்கியது. விமானத்து மீட்டர் மணியைப் பத்தாகப் பிரித்துக் காட்டும். அதில் ஒரு புள்ளி என்றால் 6 நிமிஷம். 1.3 என்றால் 1 மணி 18 நிமிஷம். ஒன்றரை மணி அல்ல! பறத்தலுக்கு 12 நிமிஷம் வீதம் ஆறுக்கு 72 நிமிஷம் கூடுதல். புத்தகத்தில் 200 மணி 40 நிமிஷம். நிஜத்தில் 199 மணி 28 நிமிஷம்.

"32 நிமிஷம் குறையுது மாமா" என்றான். ரசவடை ஆறிப்போயிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னான்: "பைலட்டுகள் மத்தியில ஒரு கிண்டல் உண்டு. பறக்காம பேனாவால ஏத்துகதுக்கு 'பார்க்கர் பேனா மணி'ன்னு பேரு. 32 நிமிஷந்தானே... யாருக்குத் தெரியும்?"

நான் உடனே 'கூடாது' என்று சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி விமானத்துக்கு ஒரு மணிக்கு ஐந்து இலக்கத்தில் பணம். போக வர ரயில் செலவு. விற்ற வயல் கண்ணுக்குள் வந்தது. 2011-ல் போலி மார்க் ஷீட் கொடுத்து லைசென்ஸ் வாங்கியதாகச் சில பைலட்டுகள் கைதானது பேப்பரில் வந்ததும் ஞாபகம் வந்தது. அதோடு, அந்த விமானத்துக்கும் தனியாக ஒரு லாக்புக் உண்டு. நம் புத்தகம் பொய் சொன்னாலும் அது வாயைத் திறக்கும். இப்படி மாட்டுவோமா மாட்டமாட்டோமா என்றுதான் என் புத்தி கணக்குப் போட்டதே தவிர, சரியா தப்பா என்று போடவில்லை.

மறுநாள் காலை தேரூருக்குப் போய் அத்தானிடம் சொன்னோம். கொல்லையில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டார். திட்டுவார் என்று இருவரும் பத்தடி தள்ளியே நின்றோம்.

"மக்களே, எனக்க ஆயுசுல குறைமரக்கால் வச்சு யாருக்கும் நெல்லு அளந்தது கெடையாது. உனக்க பின்னால நூறு பேரு கண்ணை மூடிட்டு உக்காந்திருப்பான். அவனுக்கு நீ குறையளவு அளப்பியா?"

அவ்வளவுதான். மறுபடி தேங்காய் எண்ண ஆரம்பித்துவிட்டார். 'எழுபத்தி நாலு, எழுபத்தி அஞ்சு...' எண்ணிக்கைகூடத் தப்பவில்லை.

அந்த வாரமே மருமகன் திருக்குறள் எக்ஸ்பிரஸில் டெல்லிக்கு ரயிலேறினான். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! பள்ளியில் தப்பை அவனே சொல்லி, ஆறு வரியையும் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்து வாங்கினான். பத்தாம் நாள் போனில் செய்தி வந்தது: 'மாமா, இன்னைக்கு 1 மணி 6 நிமிஷம். மொத்தம் 200:34. பேனாவில் இல்லை, பெட்ரோலில்!'

சாப்ட்வேர்? அவனை எதிர்த்துப் பேசிய அந்த 'பைலட்லாக்'கையே வைத்துக்கொண்டான். "ஆமாம் சாமி போடுகதை வச்சுக்கிட்டு என்ன செய்ய?" என்றான். என் நாலு கேள்வியில் இது இல்லையே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கம். நேரத்தை நாமே எழுதினால் எந்த சாப்ட்வேரும் தலையாட்டும். கிளம்பியதையும் நின்றதையும் கொடுத்தால்தான் அது கேள்வி கேட்கும்.

அன்று ஆபீஸில் என் டூர் பில்லை எடுத்தேன். குலசேகரம் போய்வந்த கிலோமீட்டரை வழக்கம்போல 'ரவுண்டாக' எழுதியிருந்தேன். அடித்துவிட்டு உள்ளதை எழுதினேன். நஷ்டம் அறுபத்துச் சொச்ச ரூபாய்.

பில்லைப் பார்த்த சூப்பரின்டென்டென்ட் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சார், உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"