கறி வீடு வந்து சேரும் வழி

தஞ்சாவூர், தை மாதம்



அறுத்த விலங்கின் இறைச்சியை முதலில் கெடுப்பது வெளியே அடிக்கும் வெயில் அல்ல, அதன் உடம்புக்குள் தங்கிவிடும் சூடு. உயிர் போன பிறகும் தோலும் மயிரும் அந்தச் சூட்டை வெளியே விடுவதில்லை. குடலில் இருக்கும் கிருமிகள் பெருக அது போதும். அதனால் எந்த நாட்டு வேட்டையிலும் வேலை ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நடக்கிறது. குடலை எடுத்து, தோலை உரித்து, துண்டாக்கி, ஆறவிட்டு, அதற்குப் பிறகே சுமக்கிறார்கள். சுமந்து முடிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது அந்தந்த ஊரின் குளிரைப் பொறுத்தது.

அலாஸ்காவில் அந்த நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. வளர்ந்த மூஸ் மான் ஒன்றை வீழ்த்தினால் 200 கிலோவுக்கு மேல் இறைச்சி தேறும். சாலை எட்டாத காட்டிலிருந்து அதைத் துணிப் பைகளில் போட்டு முதுகில் சுமந்து, போய்ப் போய் வருகிறார்கள். பை துணியாகவே இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் போட்டால் காற்றுப் படாமல் புழுங்கி நாறிவிடும். தின்னத் தக்க இறைச்சியைக் காட்டில் போட்டுவிட்டு வருவது அங்கே குற்றம். கொம்பும் கடைசிச் சுமையோடுதான் வெளியே வரலாம், இறைச்சிக்கு முந்தி வரக் கூடாது. கொம்புக்காக மட்டும் கொல்பவனை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. எங்கே இருந்தாலும் நல்ல விதி.

காவிரிப் படுகையில் இதற்கெல்லாம் இடமில்லை. திருவையாற்றிலிருந்து கடல் வரை வயல், வாய்க்கால், மறுபடி வயல். காடு என்று சொல்லத் தெற்குக் கோடியில் கோடியக்கரையும், அதற்கு மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடும்தான் மிச்சம். 1967இல் சரணாலயமான கோடியக்கரையில் வெளிமான், புள்ளிமான், காட்டுப்பன்றி எல்லாம் உண்டு. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அங்கிருந்து மான்கறி சுமந்து வருகிறவன் போய்ச் சேரும் இடம் சிறை. வயலில் நடக்கும் வேட்டை எலி வேட்டை ஒன்றுதான். மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு கட்டிச் செய்யும் எலிக்கிட்டிக்கு வேளாண் துறைப் புத்தகங்களில் ‘தஞ்சாவூர்க் கிட்டி’ என்றே பெயர். வளையை வெட்டினால் எலியோடு அது சேர்த்து வைத்த நெற்கதிரும் கிடைக்கும். எலியை வரப்போரத்திலேயே சுட்டுத் தின்றுவிடுவார்கள். வீட்டுக்குச் சுமந்து போவது பெரும்பாலும் நெல்தான்.

பெரிய விலங்கின் கறியைச் சுமந்த கதை வேண்டுமானால் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போக வேண்டும். திருவெண்காட்டில் கிடைத்த சோழர் காலத்துக் கண்ணப்ப நாயனார் செப்புத் திருமேனி அங்கே இருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும், கண்ணப்பராவதற்கு முந்தைய திண்ணனாரின் வேட்டையை, பக்தியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவிட்டு, கறிக் கணக்காகவும் படிக்கலாம். பன்றி பெரியது, வெகுதூரம் ஓடிய பிறகு விழுந்தது. தோழர்கள் நாணனும் காடனும் கூட வர, அதைப் பொன்முகலி ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து, தீ மூட்டி, அம்பில் கோத்து வாட்டி, பதம் பார்த்து, நல்ல துண்டுகளை மட்டும் இலைக்கல்லையில் வைத்து மலைக்கு எடுத்துப் போகிறார். தண்ணீர்க் கரை, உடனே நெருப்பு, பொறுக்கி எடுத்த துண்டு, இலை. வெயில் நாட்டு வேடன் ஒருவன் செய்ய வேண்டியதில் எதுவும் விட்டுப்போகவில்லை.

படுகையில் இன்று பெரிய அளவில் கறி கைமாறுவது கிடாவெட்டில். சுமையைக் குறைக்கும் முதல் உபாயம் கிடாவை உயிரோடு கொண்டுவருவது. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு வந்து தஞ்சை வயல்களில் கிடை போடுகிறார்கள். வயலுக்கு எரு, மந்தைக்குத் தாள்கட்டை மேய்ச்சல், ஊருக்கு ஆடு. நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த இறைச்சி தன் காலால் நடந்து வந்துவிடுகிறது, கெடாமல்.

குலதெய்வக் கோயிலில் அய்யனாருக்குச் சைவப் படையல்தான். கிடா பக்கத்தில் நிற்கும் கருப்புக்கோ முனிக்கோ உரியது. வெட்டும்போது அய்யனார் சன்னிதிக்குத் திரை போட்டுவிடுவார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, கிடா உடம்பைத் துலுக்கினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு. துலுக்காவிட்டால் இன்னொரு சொம்புத் தண்ணீர். கோயிலில் ஆடு கோழி வெட்டுவதற்கு எதிராக 1950இலேயே ஒரு சட்டம் இருந்தது. அரை நூற்றாண்டு யாரும் அதைப் பெரிதாகத் தொடவில்லை. 2003இல் கண்டிப்பாக அமலாக்கச் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் 2004இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

வெட்டிய பிறகு எல்லாம் வேகமாக நடக்கிறது. பின்னங்காலைக் கட்டி மரக்கிளையில் தொங்கவிடுகிறார்கள். சில ஊரில் தோலை உரிப்பார்கள். சில ஊரில் வைக்கோல் தீயில் மயிரைப் பொசுக்கி, மஞ்சள் தடவித் தேய்த்து, தோலோடு வாட்டி எடுப்பார்கள். வாட்டிய கறிக்குத்தான் ருசி என்று சொல்பவரோடு வாதாடிப் பயனில்லை. ரத்தம் உப்புப் போட்ட பாத்திரத்தில் உறைகிறது. குடலைக் கவிழ்த்து, சுண்ணாம்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் அலசும் வேலை தனியாக ஓர் ஓரத்தில் நடக்கும். ஈரல், சுவரொட்டி, குண்டிக்காய் தனி. 25 கிலோ கிடாவில் தலை, கால், குடல், தோல் போக எலும்போடு 12 கிலோ நின்றால் நல்ல கிடா.

அந்த 12 கிலோவைக் கூறு போடுவதில்தான் ஊரின் சாமர்த்தியம் தெரியும். தொங்கும் முழு உடலில் உள்ளே சூடு ஆற வெகுநேரம் ஆகும். சிறு துண்டாக வாழை இலையில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். இருபது பங்கு என்றால் கூறுக்கு அறுநூறு கிராம். மத்தியானத்துக்குள் இருபது அடுப்பில் கொதித்துவிடும். அலாஸ்காவில் குளிர் செய்யும் வேலையை இங்கே பங்காளிகள் செய்கிறார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடைக்கறி ஒரு துண்டு, நெஞ்செலும்பு, கொழுப்பு, ஈரலில் ஒரு கீற்று விழ வேண்டும். தராசு இருந்தாலும் கண்ணளவுக்குத்தான் மதிப்பு. போட்டு முடித்த பிறகும் வயதானவர் ஒருவர் குனிந்து, இந்தக் கூறிலிருந்து ஒரு எலும்பை எடுத்து அந்தக் கூறில் வைப்பார். அதன் பிறகு யாரும் வாய் திறப்பதில்லை. பல ஊரில் தலை பூசாரிக்கு. தீபாவளிக்கும் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளும் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஆடு பிடிக்கும்போதும் இதே முறைதான்.

கட்டிக்கொண்டு போக இலைதான் பழைய பை. பனங்குருத்தை மடித்துச் செய்த ஓலைப்பட்டை நடந்து போகிறவருக்கு ஏற்றது. காற்றும் போகும், ஒழுகாது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பதால் ரத்தநீர் ஊறிக் கிழிவதில்லை. நடுவில் முப்பது நாற்பது வருஷம் கறுப்பு கேரி பேக் ஆண்டது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்த பிறகு சில கறிக்கடைகளில் இலை திரும்பியிருக்கிறது. எல்லாக் கடைகளிலும் என்று சொல்ல முடியாது.

உச்சிப் பொழுதிலோ இருட்டிய பிறகோ கறி எடுத்துப் போனால் பொட்டலத்தில் ஒரு அடுப்புக்கரித் துண்டும் வேப்பிலையும் வைப்பது வழக்கம். சிலர் இரும்பாணி வைப்பார்கள். காத்துக்கருப்பு பின்னால் வராது என்பது காரணம். உச்சி வெயிலில் கறியோடு வெகுதூரம் நடக்கப் பயப்படுவதில் வேறு நியாயமும் இருக்கிறது. சில கோயில்களில் சமைத்த மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவே விடமாட்டார்கள். எல்லையைத் தாண்டுமுன் தின்று தீர்க்க வேண்டும்.

அப்படியும் மிஞ்சும் பச்சைக் கறி உப்புக்கண்டம் ஆகிறது. கொழுப்பை நீக்கி, விரல் நீளத்துக்கு நறுக்கி, உப்பு, மஞ்சள்தூள், அரைத்த மிளகாய் பிசறி ஓர் இரவு வைத்து, நூலில் கோத்து வெயிலில் கட்டுவார்கள். காக்கை விரட்டுவது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. பொழுது சாய்ந்தால் உள்ளே; மறுநாள் மறுபடி கொடியில். ஒடித்தால் சுள்ளி போல ஒடியும்வரை காய்ந்தால் பானையில் போட்டு வைக்கலாம். கொழுப்பு ஒட்டியிருந்தால் காறிப்போகும். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கை வேடர்கள் மரப்பொந்தில் தேனை ஊற்றி, இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்து வைத்ததாக, கண்டி அரசில் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். ஈரத்தை வாங்கிக் கிருமியை ஒடுக்கும் வேலையை இங்கே உப்பு செய்கிறது, அங்கே தேன் செய்தது.

தை, மாசி வெயிலில் கட்டிய உப்புக்கண்டம் பங்குனி, சித்திரையில் இன்னும் இறுகும். ஐப்பசி அடைமழையில் ஈரக்காற்று பட்டால் பூசணம் பிடிக்கும் என்பதால், அதற்குள் தீராவிட்டால் அடுப்புக்கு மேலே புகை படும்படி கட்டிவிடுவார்கள். சமைக்க வெந்நீரில் ஊறவைத்து, அம்மியில் ஒரு தட்டுத் தட்டி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு பொரித்தால் பழைய சோற்றுக்கு இரண்டு துண்டு போதும்.