மெருகின் விலை

பாதையற்ற நிலத்திற்கென ஆக்கப்பட்ட மூன்று சக்கர மோட்டார் வண்டியை ஹொண்டா நிறுவனம் 1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. விபத்துகள் பெருகியமையால், 1988-இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி அங்கு அவ்வகைப் புதிய வண்டிகளின் விற்பனை நின்றது. 1980-களில் வெளிவந்தவற்றை இன்றும் பேணுவோர்க்கு, வெளிறிக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் மட்கார்ட்டே பெருங்கவலை.

வெளிறல் வெறும் அழுக்கன்று, அழிவின் தொடக்கம். வெயிலிலுள்ள ஊதாக் கடந்த கதிர்களும் ஒட்சிசனும் சேர்ந்து பல்பகுதியத்தின் நீண்ட சங்கிலிகளை அறுக்கின்றன. மேற்படை சுண்ணாம்புபோல் வெளுக்கிறது. ஆயினும் நிறம் மேலே பூசப்பட்டதன்று, பிளாஸ்டிக்கோடு கலந்து வார்க்கப்பட்டது. ஆகவே நீர் தொட்டு, 220-ஆம் இலக்க அரத்தாளில் தொடங்கி 400, 800, 1000 எனப் படிப்படியாகத் தேய்த்தால் கீறல் மறையும். உள்ளிருந்த சிவப்பு வெளிப்படும். சூடான காற்றைச் சற்றே காட்டினால் மேற்பரப்பு இளகிப் பளபளக்கும். மிகுந்தால் தகடு நெளியும். வர்ணம் பூசலாமே எனின், பொலித்தீன் இனத்துப் பிளாஸ்டிக்கில் அது எளிதில் ஒட்டாது.

ஈண்டுச் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. இப்புதுப்பித்தல் எதையும் சேர்ப்பதில்லை, கழிக்கிறது. ஒவ்வொரு மெருகுக்கும் தகடு தன் தடிப்பில் ஒரு பங்கை விலையாகக் கொடுக்கிறது. ஆழ்ந்த கீறலையும் விடாது அழிக்க முனைவோர் மட்கார்ட்டையே இழக்க நேரலாம். சில வடுக்களை விட்டுவைத்து, வண்டியை நிழலில் நிறுத்துவோரிடமே அது நெடுநாள் வாழும்.