விதை

வலி வந்தவனுக்கு மருந்தைவிட முதலில் தேவைப்படுவது ஒரு காரணம். எனக்கு அது சீக்கிரமே கிடைத்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2003 மார்கழியில் ஓர் இரவு இடது அடிவயிற்றில் வலி தொடங்கியது. காலையில் ஜுரம். ஸ்கேன் எடுத்தார்கள். பெருங்குடலின் சுவரில், ரத்தக்குழாய்கள் தசையைத் துளைத்து நுழையும் பலவீனமான இடங்களில், உள்சவ்வு சின்னச்சின்னப் பைகளாகப் பிதுங்கியிருந்தது. அவற்றில் ஒன்று அழற்சி கண்டிருந்தது. இந்தப் பைக்கு டைவர்ட்டிகுலம் என்று பெயர். லத்தீனில் அதற்குக் கிளைவழி என்று அர்த்தம். பேச்சு விஷயத்தை விட்டு விலகிப்போவதையும் குறிக்கும். என் எழுத்தைப் பற்றிச் சில நண்பர்கள் சொல்லிவந்தது குடலுக்கும் பொருந்துவதாயிற்று.

மூன்று நாள் கஞ்சித் தெளிவும் இளநீரும். பிறகு குழைந்த சாதம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரே ஒரு விதியைச் சொன்னார். விதை கூடாது, கொட்டை கூடாது. பையில் போய்ச் சிக்கிக்கொள்ளும். பல ஊர்களில் பல டாக்டர்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்த விதி அது. கண்ணால் பார்க்கக்கூடிய விரோதி. எனக்குப் பிடித்துப்போயிற்று.

விதியை நான் ஏற்றுக்கொண்டேன். நிறைவேற்றியது என் மனைவி. தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலுரித்துப் பிழிந்து வடிகட்டினாள். கத்திரிக்காயை வகிர்ந்து விதையை வழித்தாள். வற்றல் மிளகாயை உதறினாள். கொய்யா வீட்டுக்குள் வரவில்லை. என் ரசத்தில் கடுகு இல்லை.

2005இலும் 2009இலும் வலி திரும்ப வந்தது. இரண்டு முறையும் விசாரணை நடந்தது. முந்தின நாள் என்ன சமையல், அதற்கு முந்தின நாள் என்ன? "தக்காளியில ரெண்டு விதை தங்கிப்போச்சு போலிருக்கு" என்றாள். நான் மறுக்கவில்லை.

2011இல் வேறொரு டாக்டர், வயதில் சிறியவர், விதை விலக்கு தேவையில்லை என்றார். அமெரிக்காவில் 47,228 ஆண்களைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2008இலேயே வெளிவந்திருந்தது. கொட்டைப் பருப்பும் மக்காச்சோளப் பொரியும் அதிகம் தின்றவர்களுக்கு இந்த நோய் கூடவில்லை. சற்றுக் குறைவாகவே இருந்தது. சின்ன விதைப் பழங்களாலும் கெடுதல் தெரியவில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான். "அப்போ இத்தனை வருஷம் நான் பொறுக்கினது?"

மருத்துவத்துக்கு இது புதிதல்ல. இந்த நோயாளிகளுக்குப் பல பத்தாண்டுகள் சக்கையில்லாத உணவையே விதித்துவந்தார்கள். 1971இல் பெயின்டரும், உகாண்டாவில் நெடுங்காலம் பணியாற்றிய பர்க்கிட்டும் அதைத் தலைகீழாக்கி, நார் குறைந்ததுதான் நோய்க்கே காரணம் என்றார்கள். அதுவும் அப்படியே நிற்கவில்லை. பை தோன்றுவதை நார் தடுப்பதாகக் காணவில்லை என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. இருக்கிற பை அழற்சி காணாமலிருக்க நார் உதவும் என்பது மிஞ்சியிருக்கிறது.

இப்போது கேழ்வரகு, கீரை, அவரை, வாழைத்தண்டு, நிறையத் தண்ணீர். ஆட்டிறைச்சி அபூர்வம். சிகரெட்டை விட்டாயிற்று. தினமும் நடக்கிறேன். வலி வந்தால் மட்டும் இதெல்லாம் தலைகீழ்: கஞ்சித் தெளிவு, பிறகு குழைந்த சாதம், நார் மெல்ல மெல்ல. இவ்வளவு செய்தாலும் வராது என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. வயது, பரம்பரை என்கிறார்கள். இவற்றை வடிகட்ட முடியாது.

தவறான விதியைச் சொன்னதற்காக முதல் டாக்டர்மேல் எனக்குக் கோபமில்லை. அன்று தெரிந்ததைச் சொன்னார். என்னை உறுத்துவது வேறு. எட்டு வருஷம் என் வலிக்கு ஒருத்தி பொறுப்பேற்றுக்கொண்டிருந்தாள். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அந்த இரண்டு விதைகளை நானும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. ஆனாலும் இருவரும் நம்பினோம்.

2019இல் வலி மறுபடி வந்தது. முந்தின நாள் என்ன சமையல் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கஞ்சி வடித்துக் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன்.

தக்காளி விஷயமாக அவளிடம் சொல்லவேண்டியதை இன்னும் சொல்லவில்லை. இங்கே எழுதுவது சுலபமாக இருக்கிறது.