ஒரே ஒலி, இரண்டு வேலை

மொழி வளர்ச்சி தடைப்பட்ட குழந்தையைச் சோதிக்கும்போது, பொருளில்லாத சொற்களைச் சொல்லி அவற்றைத் திருப்பிச் சொல்ல வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். இப்படிப்பட்ட குழந்தைகள் இதில் வெகுவாகப் பின்தங்குகிறார்கள் என்று 1990-இல் கேதர்கோலும் பேட்லியும் காட்டினார்கள். கேட்ட ஒலியைச் சில விநாடிகள் மனத்தில் நிறுத்தும் திறன் குறைந்ததுதான் கோளாறுக்கு மூலகாரணம் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. காது நன்றாகக் கேட்கிறது, பொது அறிவுத்திறனில் குறையில்லை, ஆனாலும் வாக்கியம் சிதைகிறது என்றால் நினைவைக் காரணமாகச் சொல்வது இயல்புதான். ஆனால் கிரேக்கம் பேசும் குழந்தைகளிடம் காண்பதை வைத்துப் பார்க்கும்போது, அந்த விளக்கம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

கிரேக்கத்தில் 'தொ' என்று ஒரு சிறு அசை உண்டு. 'தொ விவ்லியோ' என்றால் குறிப்பிட்ட அந்தப் புத்தகம். இங்கே அது பெயருக்கு முன் வரும் சுட்டு. 'தொ தியாவஸே' என்றால் 'அதைப் படித்தான்'. இங்கே வினையை ஒட்டி நிற்கும் செயப்படுபொருள். தமிழில் 'புத்தகத்தை என்ன செய்தான்?' என்ற கேள்விக்குப் 'படித்தான்' என்றாலே போதும். கிரேக்கத்தில் அந்த இடத்தில் 'தொ' விடுபட்டால் வாக்கியம் பிழை. இரண்டு 'தொ'வுக்கும் ஒலி ஒன்றே. இரண்டும் அழுத்தமில்லாமல் அடுத்த சொல்லோடு ஒட்டி ஒலிப்பவை. ஒலியை நினைவில் நிறுத்த முடியாததுதான் சிக்கல் என்றால் இரண்டும் ஒரே அளவில் உதிர வேண்டும். சிம்ப்லியும் ஸ்தவ்ரகாகியும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு முதல், கிரேக்க ஆய்வாளர்களின் கவனம் இந்த இணையின் மேல் இருந்துவருகிறது. சுட்டும் பாதிக்கப்படுவதுண்டு, ஆனால் அதிகம் தடுமாறுவது வினையோடு சேரும் 'தொ'தான்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வினையோடு வரும் 'தொ'வைச் சொல்ல, முன்பு பேசிய பொருள் எது என்பது மனத்தில் இருக்க வேண்டும். அதுவும் நினைவுதானே என்பார்கள். உண்மை. ஆனால் 'தொ'வை விட்டுவிடும் குழந்தை பல சமயம் அதற்குப் பதிலாக முழுப் பெயரையே சொல்லிவிடுகிறது: 'தியாவஸே தொ விவ்லியோ'. எதைப் பற்றிய பேச்சு என்பது அதற்கு மறக்கவில்லை. ஓர் அசைக்குப் பதில் நான்கு அசைகளைச் சுமக்கவும் முடிகிறது, அவற்றுள் ஒன்று அதே 'தொ'. சுமையைக் குறைக்க முயலும் நினைவு இப்படிச் சுற்றுவழியில் போகாது. இன்னொரு மறுப்பு, முடிவுகள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை என்பது. சைப்ரஸ் கிரேக்கத்தில் சாதாரண வாக்கியங்களில் இந்த அசை வினைக்குப் பின்னால் வரும்; அங்குள்ள குழந்தைகளின் தடுமாற்றம் கிரீஸில் உள்ளவர்களுடையதைப் போன்றதல்ல. அசையின் இடம் மாறும்போது தடுமாற்றமும் மாறுகிறது என்றால், அது இலக்கண அமைப்பைக் கவனிக்கச் சொல்கிறதே தவிர நினைவுக் கொள்கைக்குத் துணைநிற்கவில்லை.

நினைவுச் சோதனையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வீட்டில் அல்பேனியன் பேசி, பள்ளியில் கிரேக்கம் கற்கும் குழந்தையை மதிப்பிடும்போது, சொல்வளத்தை அதிகம் சாராத இந்தச் சோதனை பெரிய துணை. ஆனால் அது எதை அளக்கிறது என்பதில் தெளிவு வேண்டும். நீண்ட வாக்கியம் ஒன்றை நாம் திருப்பிச் சொல்வது ஒவ்வொரு ஒலியையும் சேமித்து வைத்து அல்ல. பொருளைப் பிடித்துக்கொண்டு, இலக்கணத்தின் துணையால் மறுபடி கட்டித்தான். பொருளற்ற சொல்லும்கூட அந்த மொழியின் சொற்களைப் போல ஒலித்தால் எளிதாக வாயில் வருகிறது. ஆகவே குறைந்த மதிப்பெண்ணைக் கண்டதும் நினைவு இலக்கணத்தைக் கெடுத்தது என்று எழுதிவிட முடியாது. இலக்கணம் உறுதிப்படாததால் நினைவுக்குப் பிடிமானம் கிடைக்காமல் போயிருக்கலாம்.

இந்த வேறுபாடு சிகிச்சை அறைக்குள் உடனே விளைவு காட்டும். நினைவுப் பயிற்சிகளைத் தொகுத்து ஆராய்ந்த மெல்பி-லெர்வாகும் ஹியூமும் 2013-இல் கண்டது, பயிற்சி பெற்ற பணியில் முன்னேற்றம் வந்தாலும் அது சொல்திறனுக்கோ வாசிப்புக்கோ பரவுவதில்லை என்பது. பெற்றோரிடம் 'நினைவாற்றல் போதவில்லை' என்று மட்டும் சொன்னால் வீட்டில் எண்களையும் சொற்பட்டியல்களையும் மனப்பாடம் செய்ய வைப்பார்கள், சோர்ந்துபோவது குழந்தை. நான் கேட்பது வேறு: ஒரு நாய்க்குட்டியை நடுவில் வைத்து நகரும் கதை வேண்டும். முதல் வாக்கியத்தில் பெயர் வரட்டும். அடுத்தடுத்து 'அதை எடுத்தான், அதைக் கழுவினான், அதை மறைத்தான்' என்று வினைகள் மாற, 'தொ' மட்டும் மாறாமல் ஒவ்வொரு முறையும் வினையோடு சேர்ந்தே காதில் விழட்டும். பிறகு 'அதை என்ன செய்தான்?' என்று கேட்டுவிட்டு, குழந்தை பதில் சொல்லும்வரை பெரியவர்கள் பொறுத்திருக்க வேண்டும்.