எண்சாண் கணக்கு

அப்பாவுக்கு வெளியே போக எட்டு முழம், வீட்டில் நாலு முழம். ஜவுளிக்கடையில் அவர் மீட்டர் சொல்லிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நாலு முழ வேட்டியை விரித்துப் பிடித்து, "இது ஒரு ஆள் உயரம்டா" என்பார். முழத்துக்கு இரண்டு சாண், நாலு முழத்துக்கு எட்டுச் சாண். எண்சாண் உடம்பு என்பது அந்தக் கணக்குதான். ஒருநாள் சுவரில் என் தலை மட்டத்துக்குக் கரிக்கோடு இழுத்து, என் கையாலேயே சாண் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஏறக்குறைய எட்டு வந்தது. அவர் உயரத்தை அவர் கையால் அளந்தபோதும் எட்டு. சாண் ஆளுக்கு ஆள் மாறுகிறது, எட்டு மாறவில்லை. அந்த வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஆனால் ஒருவர் கையால் இன்னொருவருக்கு அளக்கும்போதுதான் பேச்சு வளர்கிறது. அம்மா பூக்காரம்மாவிடம், "கையை நல்லா நீட்டி அளம்மா" என்பாள். "என் கை இவ்வளவுதாங்க்கா. ரெண்டு விரக்கடை விட்டே அறுத்துத் தாரேன்" என்று பதில் வரும். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரம் ஓடும். நுனியைத் தாண்டிக் கொஞ்சம் விட்டுத்தான் நார் அறுபடும். குட்டைக் கைக்கு அந்த இரண்டு விரற்கடை ஈடு.

இந்த ஈட்டைத்தான் அரசும் கோயிலும் வேறு விதமாகச் செய்தன என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தபோது புரிந்தது. ராஜராஜன் காலத்தில் கொடுத்த செப்புப் படிமங்களின் உயரத்தைக் கோயிலில் வைத்திருந்த முழத்தால் அளந்தோம் என்றே வெட்டியிருக்கிறார்கள். பாதாதிகேசாந்தம், அதாவது பாதம் முதல் முடிவரை, இத்தனை முழம், இத்தனை விரல், இத்தனை தோரை. எட்டுத் தோரை ஒரு விரல், இருபத்துநாலு விரல் ஒரு முழம். தோரை என்பது ஒரு தானிய மணியின் அளவு. அவ்வளவு நுணுக்கம். அந்தப் படிமங்களில் பல இன்று இல்லை, உயரம் மட்டும் கல்லில் நிற்கிறது.

நிலத்துக்கும் அப்படித்தான். பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று எந்தக் கோலால் அளந்தது என்பதையும் சோழர் கல்வெட்டுகள் சொல்லும். பல கோயில் சுவர்களில் கோலின் நீளத்தையே கோடாக வெட்டி வைத்தார்கள். யார் கை என்ற சண்டைக்கு அந்தக் கோடு பதில்.

1956-இல் சட்டம் வந்து, 1958 முதல் மெட்ரிக் அளவு படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தது. முழம் பதினெட்டு அங்குலம் என்றால் நாலு முழம் 183 சென்டிமீட்டர். இப்போது நாலு முழ வேட்டிப் பெட்டியில் இரண்டு மீட்டர் என்று அச்சடித்திருக்கிறார்கள். துணி கொஞ்சம் நீண்டுவிட்டது, பெயர் அப்படியே இருக்கிறது.

கடற்கரையில் அந்தக் கணக்கு இன்னும் உடம்போடு இருக்கிறது. மீனவர் இரண்டு கையையும் விரித்துக் கயிற்றை இழுக்க, விரிப்புக்கு ஒரு பாகம். விரித்த கையின் அகலமும் ஆள் உயரமும் ஏறக்குறைய ஒன்று என்பதால் பாகமும் நாலு முழம், எட்டுச் சாண்தான்.

கொடுக்கல் வாங்கலுக்குப் பொதுக்கோல் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் பிள்ளைகள் கையில் ஸ்கேலைக் கொடுக்கும் முன் அவர்களை அவர்கள் கையாலேயே ஒருமுறை அளக்கவிட வேண்டும். விகிதம் என்றால் என்ன என்று அதைவிடத் தெளிவாகச் சொல்லித்தரும் பாடத்தை நான் பார்க்கவில்லை.