கணுக்கால் அளவுக் கடல்

சென்னைவாசிகளாகிய நமக்கும் கடலுக்கும் உள்ள சிநேகம் கணுக்காலோடு நின்றுவிடுகிறது. மாலையில் மணலில் அமர்ந்து சுண்டல் தின்கிறோம். அலை பாதத்தைத் தொட்டால் வேஷ்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குகிறோம். இருபது வருஷமாகப் பள்ளியில் சமுத்திரங்களைப் பற்றிப் பாடம் சொல்லி வரும் நானும் அந்தக் கோஷ்டிதான்.

ஆகவே, என் பன்னிரண்டு வயது மகள், “கோடை விடுமுறையில் பாய்ப்படகு விடக் கற்றுக்கொள்ளப் போகிறேன்” என்றபோது எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. தயங்கினேன். “நீங்கள் தினமும் தேசப்படத்தில் காட்டுகிற கடல்தானே, அப்பா?” என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வது? துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்புக்கு அழைத்துச் சென்றேன்.

1911-ல் இதை ஸ்தாபித்தவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்; சென்னைத் துறைமுக டிரஸ்டின் தலைவர். அடுத்த வருஷம் அதே டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். அவர்தான் கணித மேதை ராமானுஜன். அவருடைய மேதையை உணர்ந்து உதவிய துரை, இந்த ஸ்பிரிங்தான். ஆயினும் அந்நாளில் பாய்ப்படகு விளையாட்டு துரைமார்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. வேடிக்கை என்னவெனில், அவர்கள் ‘காடமரான்’ என்று சொன்னது நம் மீனவர்களின் கட்டுமரத்தைத்தான்!

குழந்தைகள் பழகும் படகுக்கு ‘ஆப்டிமிஸ்ட்’ என்று பெயர். நீளம் 2.3 மீட்டர், ஒரே பாய், ஒரு சுக்கான், ஒரு குழந்தை. உடம்பில் மிதவைச் சட்டை. கூப்பிடு தூரத்தில் மோட்டார்ப் படகில் ஆசிரியர்.

முதற்பாடம் என்ன தெரியுமா? படகைக் கவிழ்ப்பது! என் மகள் தலைகுப்புற நீரில் மறைந்தாள். கரையில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஒரு நொடிதான். மேலே வந்தாள், படகின் அடிப்பலகையைப் பிடித்துத் தொங்கி, அதை நிமிர்த்தினாள், ஏறி நீரை இறைத்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

‘தவறு செய்யாதே’ என்பதையே முதற்பாடமாகச் சொல்லி வந்தவன் நான். ‘விழுந்தால் எழுவது எப்படி’ என்று ஒரு மாணவனுக்கேனும் கற்பித்ததுண்டா? அன்று வெட்கமாயிருந்தது.

சென்னையின் நேத்ரா குமணன் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகு செலுத்தினார். அப்போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. அவரும் 12-வது வயதில் ஒரு கோடை முகாமில் தொடங்கியவர்தான். அவருடைய பெற்றோரும் முதல் நாள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றிருப்பார்கள்!

அன்று மாலை கடற்கரையில் அலை வந்தது. நான் பின்வாங்கவில்லை. முழங்கால்வரை நனைந்தது. நாற்பது வயதுக்குமேல் அதுவும் ஒரு முன்னேற்றந்தானே?